ஆட்காட்டி முட்டை

என் வீட்டுக்காரர் கோபிநாத்துக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். மனிதர் அந்த வேலையை வீட்டிலும் சம்பளம் இல்லாமலே பார்ப்பார். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பார். யாராவது சிரித்துப் பேசிவிட்டால் போச்சு. அவன் எதற்குச் சிரித்தான் என்று ராத்திரி வரைக்கும் என் உயிரை வாங்குவார்.

ஐந்து வயது பூஜாவின் கையைப் பிடித்துவிட்டால் மட்டும் வேறு ஆள். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குடோன் கட்டுவதற்காக மேடு பள்ளம் நிரவிக்கொண்டிருக்கிற வெட்டவெளி. அங்கே வெறும் தரையில், சரளைக்கல் நடுவில் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருப்பதை இரண்டு பேரும் கண்டுபிடித்தார்கள். கல் எது முட்டை எது என்று தெரியாது. அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கிட்டே போனதும் குருவி எழுந்து, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அதே மாதிரி கத்திக்கொண்டே பூஜா வீடு திரும்புவாள். குஞ்சுகளுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அங்கே ஜேசிபி ஓட்டுகிறவர் கொம்பையா, தென்காசிப் பக்கத்து ஆள். பூஜாவைப் பார்த்தால் கை காட்டுவார். அது போதாதா இவருக்கு? அவன் ஏன் முட்டைப் பக்கமே பார்க்கிறான், அந்த மூலைக்கு மட்டும் ஏன் வண்டி போகவில்லை, ஏதோ கணக்குப் போடுகிறான் என்று அடுக்கினார். நான் சிரித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இரண்டு முட்டைதான் இருந்தது. பூஜா திரும்பத் திரும்ப எண்ணினாள்.

"ஜேசிபி மாமாதான் எட்த்துக்கினு போயிருப்பான்" என்று குழந்தையிடமே சொல்லிவிட்டு இவர் வண்டியைப் பார்த்து நடந்தார். கொம்பையா இறங்குவதற்குள் வாய்க்கு வந்ததைப் பேசினார். எனக்கு உடம்பே கூசியது.

கொம்பையா கோபப்படவில்லை. மின்கம்பத்தைக் காட்டினார். மேலே இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

"நீங்க தெனமும் வந்து நிக்கிய. அது பயந்து எந்திச்சுப் பறக்கு. முட்டை எங்க கெடக்குன்னு காக்காவுக்கு வேற யாரு சொல்லணும்? நேத்து நீங்க அங்கிட்டுப் போனதும் வந்து ரெண்டத் தூக்கிட்டுது. நான் எறங்கி ஓடுறதுக்குள்ள போயிட்டுது."

அந்த மூலையை விட்டுவிட்டு வேலை செய்வதற்காக சூப்பர்வைசரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் சொன்னார்.

அப்போதும் குருவி எங்கள் தலைக்கு மேல்தான் கத்திக்கொண்டிருந்தது. மிச்சம் இரண்டும் வெயிலில் திறந்து கிடந்தன. இவர் கொம்பையாவைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு பூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

வந்ததும் அவளை மடியில் உட்கார வைத்து, இனிமேல் அங்கே போகக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டாள்.

"நம்மளாலதாம்மா முட்டை போச்சு. மாமா எடுக்கல."

பூஜா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"பொய் சொல்ற. மாமாதான் எட்த்தாரு. நீதான சொன்ன?"

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவே இல்லை.