வாய் திறந்த மணப்பெண்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் பிழைப்பு. தூத்துக்குடியில் ஒரே ஸ்டூடியோவில் எட்டு வருடமாக இருக்கிறேன். இதில் முதல் தப்பு என்னுடையது. மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரையை ஒட்டிய மாதா கோயில் ஒன்றில் நடந்த திருமணம். மாப்பிள்ளை சொல்லும் வாக்குறுதி வீடியோவில் கணீரென்று கேட்டது. பெண் சொல்லும் இடத்தில் உதடு அசைந்தது, குரல் இல்லை. நான் அதைக் கவனிக்காமல் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். கல்யாணத்துக்கு முன் கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை பார்த்தவள். திரும்ப வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் பேச்செடுத்தாளாம். மாமியார் என் வீடியோவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்.

“‘கோயில்லயே வாயத் தொறக்காதவளுக்கு இங்கன வந்து என்னளா வாயி’ன்னு கேக்காவ. வீட்டுக்கு வாரவங்களுக்கெல்லாம் அந்த இடத்தப் போட்டுக் காட்டிச் சிரிக்காவ. நான் சத்தமாத்தான்க்கா சொன்னேன்.”

எங்கள் முதலாளி அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஏளா, நீயே நாலு வரி பேசி மேல ஒட்டிரு. பொம்பளக் குரல்ல என்ன வித்தியாசம் தெரியப் போவுது?”

முடியாது என்றேன். அவள் சொன்ன வார்த்தை இருக்கும்போது நான் எதற்குப் பேச வேண்டும்?

மூல ஃபைலைத் திறந்தேன். இடது பக்க ஆடியோ, கோயில் மைக்கிலிருந்து வந்தது. வலது பக்கம் கேமராவின் சொந்த மைக். வலதில் ஃபேன் இரைச்சல் அதிகம் என்று அன்றைக்கு அதை அடைத்துவிட்டு, இடதையே இரண்டு பக்கமும் போட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான். படத்தைப் பார்த்தால், பங்குச் சாமியார் மைக்கை மாப்பிள்ளை வாய்க்கு நேரே பிடிக்கிறார். பெண்ணின் முறை வந்ததும் கையைத் தாழ்த்திவிடுகிறார். பிறகு இடதில் எப்படிக் குரல் இருக்கும்?

வலதைத் திறந்தேன். ஃபேன் இரைச்சல், எவருடைய பிள்ளையோ அழுகிற சத்தம், அவற்றுக்கு நடுவே அவள் குரல். தாழ்ந்த சுருதியில் ஓடிய ஃபேன் இரைச்சலை வெட்டி, அந்த இடத்தில் மட்டும் குரலை ஏற்றினேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. ஹெட்போனில் கேட்டவள், அதைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினாள்.

“நீங்களும் கேளுங்க அண்ணாச்சி.”

அவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

பிறகு, அந்த இடத்திலிருந்தே ஒரு ஸ்டில் வேண்டும், ஹாலில் மாட்ட வேண்டும் என்றாள். மணப்பெண் படம் என்றால் கண் தாழ்ந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் தேடித் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். இரண்டு சொல்லுக்கு நடுவே உதடு சேர்ந்த ஃபிரேமைக் காட்டி, இது லட்சணமாக இருக்கிறது என்றார் முதலாளி. அவள் நாலு ஃபிரேம் தள்ளி விரல் வைத்தாள். வாய் அகலத் திறந்து, மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிகிற இடம்.

“கல்யாணப் பொண்ணுக்குப் பல்லு தெரியலாமாளா?”

“இருக்குற பல்லுதான அண்ணாச்சி,” என்று சொல்லி, அதையே முழு அளவில் சேமித்தேன்.

குரல் சேர்த்த வீடியோவோடு படமும் அவள் வீட்டு ஹாலுக்குப் போனது. மாமியார் இரண்டு தடவை கழற்றி வைத்தாராம். இரண்டு தடவையும் வேலைக்குக் கிளம்பும் முன் இவள் திரும்ப மாட்டினாளாம். இன்னொரு தடவை கழற்றினால் சொல், இதைவிடப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.