நான் கேட்டது ஆறு விசைக் குழல்

எனக்கு நன்மை செய்ய வருபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெடுதல் செய்பவனோடு சண்டை பிடிக்கலாம். நன்மை செய்தவருக்கோ நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. அதுவும் ஒஸ்லோவில், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிப் பழகிய ஊரில், வாய் தானாகவே முந்திக்கொள்ளும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஞாயிறு பின்னேரங்களில், நகரின் குறொன்லாண்டுப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மதுச்சாலையின் பின்னறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஐரிஷ் நாட்டுப்புற இசை வாசிப்போம். பள்ளி வாத்தியக் குழுவில் இரவலாகக் கிடைத்த உலோகக் குழலைப் படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்ற காலத்தில் அந்த இசை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு தகர விசிலை வாங்கி அதில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு வேண்டியது மரக்குழல். அதன் கீழ்ச்சுரங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நிற்கும்.

மரக்குழல் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பெரிய கேள்விதான்: விசை வேண்டுமா, வேண்டாமா? விசை இல்லாத குழலில் ஆறு துளைகள் மட்டும். டி சுருதியிலும் ஜி சுருதியிலும் அழகாகப் பேசும், ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை அவற்றில்தான் அடங்கும். விசை வைத்த குழலில் இடைச்சுரங்களுக்கென்று தனித் துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் சின்ன வெள்ளி நெம்புகளும் இருக்கும். விலை இரண்டு மடங்குக்கும் மேல். நெம்புகளின் அடியில் ஒட்டிய மெத்தைகள் தேய்ந்து காற்று விடும். ஒஸ்லோவின் குளிர்காலத்தில், வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்தும்போது மரம் வெடித்துவிடுமோ என்ற பயம் வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஆறு விசை கேட்டேன்.

காரணம் அம்மா. கத்தோலிக்கக் கோயிலில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் முன்னுக்கு நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஊரில், எங்கள் தீவில் இருந்த காலத்திலிருந்தே அது அவருடைய வேலை. அம்மருட் மாடிக் குடியிருப்பில் எங்களோடு ஒரு வார்த்தையும் பேசாத மனிசர்கூடக் கோயிலில் அவருடைய பாட்டுக்கு எழும்பி நிற்பார்கள். தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு குரலின் மேற்பாகம் போய்விட்டது. நாலு கட்டையில், அதாவது எஃப் சுருதியில், பிசகில்லாமல் பாடுவார். அதற்கு மேலே ஏறினால் தொண்டை கைவிட்டுவிடும். டி-க்கு இறக்கினாலோ தொடக்க வரியே முன்வரிசை வாங்குக்குக்கூடக் கேட்காது. அம்மாவோடு நான் வாசிப்பதென்றால் எஃப்-இல்தான் வாசிக்கவேண்டும். அதற்கு விசை வேண்டும். இவ்வளவுதான் விசயம். ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

எங்கள் வட்டத்தை நடத்தியவர் ஒரு நோர்வேக்காரர். அயர்லாந்தில் இரண்டு கோடை இருந்துவிட்டு வந்து, அயர்லாந்துக்காரருக்கே அயர்லாந்தைப் பற்றிச் சொல்லக்கூடியவர். குழல் செய்பவர் ஒருவரை அவருக்குத் தெரியும், கடிதம் அவர் மூலமாகப் போனால்தான் பதில் வரும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கேட்டோம். என் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்: கருமரம், டி, ஆறு விசை. ஏன் ஆறு என்று கேட்டார். அம்மாவைப் பற்றி, எஃப் பற்றி, ஒப்பரேசன் பற்றிக்கூடச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

காத்திருந்தது இரண்டரை வருடம்.

பெட்டி வந்த ஞாயிறு, எல்லோருக்கும் முன்னால் திறந்தேன். கறுப்பு மரம், வெள்ளி வளையங்கள், ஆறு துளைகள். வேறொன்றும் இல்லை. பிழையான பெட்டியைத் திறந்துவிட்டேனோ என்று மற்ற இரண்டையும் பார்த்தேன். அந்த நோர்வேக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் மாற்றி எழுதினேன். நீ ஒருநாள் எனக்கு நன்றி சொல்வாய். விசை வைத்தால் விரல் சோம்பேறியாகிவிடும். பாதித் துளையை விரலால் மூடி இடைச்சுரம் எடுக்கிறது உங்கள் ஆட்களின் இரத்தத்திலேயே இருக்கிறதே.”

என் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருந்தது என்றுதான் தெரியவில்லை. வாழ்க்கையில் ஒருநாளும் மூங்கில் குழல் தொட்டவள் இல்லை நான். நோர்வேயின் தேசிய நாளில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, விசை நிறைந்த உலோகக் குழலோடு தெருவில் அணிவகுத்துப் போனவள். விலை குறைந்ததைக்கூட எனக்குச் செய்த உபகாரமாகச் சொன்னார். நான் என்ன செய்தேன்? ‘தூசன் தக்’ என்றேன். ஆயிரம் நன்றி. அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று வந்தால், அம்மா குழலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட்டார்.

“இது நல்ல வடிவாய்த்தானே பிள்ளை இருக்கு. எங்கட புல்லாங்குழல் மாதிரி. அந்தக் கம்பியெல்லாம் என்னத்துக்கு? அந்த மனிசன் உன்ர நன்மைக்குத்தானே செய்திருக்கிறார்.”

“நான் கேட்டது இது இல்லை அம்மா.”

“கேட்டது எல்லாம் கிடைக்குமே? கிடைச்சதை வாசி.”

குழல் செய்பவருக்கு நேரே எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. விசையைத் தாங்கும் மேடுகள் இல்லாமல் கடைந்த மரத்தில் பிறகு விசை பொருத்த இடமில்லை. புதிதாக வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும், வரிசை இப்போது இன்னும் நீளம். அந்தக் குளிர்காலம் முழுவதும் பாதித் துளையை மூடி எஃப்-ஐ எடுக்கப் பார்த்தேன். வந்தது. சளி பிடித்த சுரமாக வந்தது. கோயிலின் நடுப்பகுதியைக்கூடத் தாண்டாது.

இனி வருவதைத்தான் எனக்குச் சொல்லக் கஷ்டம். உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமை முன்னால், ஒத்திகையில், நான்தான் கேட்டேன்.

“ஒரு கட்டை கூட்டிப் பாட ஏலுமோ அம்மா? அஞ்சிலை?”

அஞ்சு கட்டை என்றால் ஜி, விசை இல்லாமலே என் குழல் பேசும் சுருதி.

கீபோர்ட் வாசித்தவர் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பொறியியலாளர், நல்ல பெடியன். “அதுக்கென்ன ஆன்ட்டி, ஒரே பட்டன், ட்ரான்ஸ்போஸ் பண்ணிடலாம்” என்று தட்டிவிட்டார். கீபோர்ட்டுக்குப் பட்டன் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த குழலைப் பார்த்தார். “ஓம், பாடுவம்” என்றார். ஒத்திகையில் மேல்வரியை மெல்லமாய், முணுமுணுப்பாய்ப் பாடிச் சமாளித்தார். சமாளிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாதமாதிரி இருந்துவிட்டேன். இரண்டரை வருடம் காத்திருந்த குழலை ஊருக்குக் காட்டவேண்டுமே எனக்கு.

உயிர்த்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. நற்கருணைப் பாட்டின் இரண்டாவது அடியில், குரல் ஏறவேண்டிய இடத்தில், அம்மாவின் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. ஒருமுறை செருமினார். திரும்ப எடுத்தார். இந்த முறை குரல் கீறிக்கொண்டு வெளியே வந்தது. முன்வாங்கில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. பின்னால் நின்ற ஒரு பெண் பாட்டை ஏற்றுக்கொண்டு முடித்தார், நல்லாகவே பாடினார். நான் கடைசி வரை வாசித்தேன். ஒரு சுரமும் பிழைக்கவில்லை.

ரயிலில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். இறங்குவதற்குச் சற்று முன்னால்தான் கதைத்தார்.

“உன்ர குழலிலை ஒரு பிழையும் இல்லை. அந்த மனிசன் சொன்னது சரிதான். என்ர தொண்டைதான் சரியில்லை.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதப் பூசைக்கு அம்மா என்னோடு வந்தார். முன்னுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு வாங்கில் இருந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மற்றவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரேயொரு ஞாயிறுதான் அந்த மதுச்சாலைக்குப் போனேன். வட்டத்தை நடத்தியவர் வழக்கம்போல முன்வந்து, குழல் எப்படி இருக்கிறது, விரல் பழகிவிட்டதா என்று கேட்டார். இந்த முறை வாய் முந்தவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை மாற்ற உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். பிடில் வாசித்துக்கொண்டிருந்தவர் வில்லை இறக்கினார். நோர்வேக்காரருக்கு ஒருவர் சத்தம் போடுவதைவிடச் சங்கடம் வேறில்லை. அவருடைய முகம் சிவந்தது. பிறகு, கோபித்த பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரலில், மிகவும் நியாயமான ஒரு யோசனை சொன்னார்:

“இதற்குப்போய் ஏன் இவ்வளவு கோபம்? உன் அம்மாவை ஜி-யில் பாடச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன்,” என்றேன். “பாடினார்.”