கயிறு அறுத்த கல்

எங்கள் அம்மாவுக்குப் படம் இல்லை. இருந்த ஒன்றும் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனது. இப்போது படுத்த படுக்கையாகிவிட்ட அக்கா, "கண் மூட முந்தி அம்மான்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். படமாக் கீறித் தா தம்பி" என்று கெஞ்சுகிறார். பள்ளிக்கூடச் சுவரெல்லாம் படம் கீறிய எனக்கு அந்த ஒரு முகம் மட்டும் வரவேயில்லை. கீறியதைக் காட்டினால், "இது ஆர், உன்ர மாமியாரோ?" என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

இன்று காலை, வேறு வழி தெரியாமல், புங்குடுதீவில் பற்றைக்காடு மூடிக் கிடக்கும் எங்கள் பழைய வீட்டு வளவுக்குப் போனேன். கிணற்றுக்கட்டுக் கல்லில் கயிறு அறுத்த பள்ளம் அப்படியே இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று குளிர்ந்தது.

அது அம்மா நிற்கும் இடம். கோடையில் ஊற்று மெல்லத்தான் சுரக்கும். வாளி அடியில் கரகரவென்று உரசும். நாங்கள் குடங்களோடு பின்னால் நின்று அவசரப்படுத்துவோம். அம்மா உள்ளே குனிந்தபடியே, "பொறுங்கோ பிள்ளையள், கிணறு இன்னும் நித்திரையால எழும்பேல்லை" என்பார். அந்தக் குரல் கிணற்றுக்குள் போய்த்தான் எங்களிடம் வரும்.

அங்கேயே இருந்து கீறினேன். கல், பள்ளம், கயிறு, குனிந்த முதுகு, ஈரமான சேலைத் தலைப்பு. கை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

பின்னேரம் அக்காவிடம் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார்.

"ஓம், அம்மாதான்."

பிறகு படத்தை என்னிடமே நீட்டினார்.

"அம்மாவை ஒருக்கா இஞ்சால திரும்பச் சொல்லு, தம்பி."