மாமாவின் மிச்சம்

என் அம்மாவின் தம்பி மெட்ராசில் சினிமாப் பாட்டுக்கு வேலை செய்கிறார் என்று தேன்கனிக்கோட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என்ன வேலை என்று யாராவது திருப்பிக் கேட்டால்தான் தொல்லை.

அதனால் அவர் ஊருக்கு வந்ததும் பிடித்து உட்கார வைத்து விசாரித்தேன். எனக்கு எட்டு வயது. பாடினது நீங்களா? இல்லை. பாட்டு எழுதினது? இல்லை. மெட்டு? அது வேறொரு பெரியவர். ஃபிடிலாவது வாசித்தீர்களா? அதுவும் இல்லையாம். வாசிக்கிறவர்கள் எங்கே நுழைய வேண்டும், என்ன வாசிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பாராம்.

"அப்போ உங்களுது என்னாதான் மாமா?"

"மிச்சம், பாப்பா. மிச்சம் பூரா என்னுது."

மிச்சம் என்றால் எனக்குத் தெரிந்தது முந்தின நாள் களிதான். அதற்குப் போய் மெட்ராசில் சம்பளம் கொடுப்பார்களா!

தாத்தாவுக்கும் இதே சந்தேகம். இசைத்தட்டில் பேர்கூடப் போடாத வேலைக்கு எங்கள் பெண் இல்லை என்று இரண்டு வீடுகளில் சொல்லிவிட்டார்கள். பாகலூர்ப் பெண்ணும் அமையாவிட்டால் மெட்ராசை மறந்துவிட்டுக் கேழ்வரகுக் காட்டைப் பார்க்க வேண்டியதுதான் என்று தாத்தா கறாராகச் சொன்னார். பாவம், மாமாவுக்குச் சோறே இறங்கவில்லை.

பாகலூருக்குப் பெண் பார்க்கப் போனோம். காப்பி குடித்து முடித்ததும் பெண்ணின் அப்பா, "பாட்டுக்கார மாப்ளையாச்சே, அவரு படத்துப் பாட்டு ஒண்ணு பாடும்மா" என்றார்.

நல்ல வேளை, டீக்கடை கிராமபோனில் நாள் முழுக்க ஓடுகிற பாட்டாகப் பார்த்து எடுத்தாள். எனக்கு அது தலைகீழ்ப் பாடம். பல்லவி வரை சரியாக வந்தாள். அடுத்து சரணம் வர வேண்டும். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஃபிடில்கள் ஒன்றாக மேலே ஏறுவதையும், அதிலிருந்து புல்லாங்குழல் மட்டும் பிரிந்து மெல்ல இறங்குவதையும் வாய்க்குள்ளேயே முனக ஆரம்பித்துவிட்டாள்! டீக்கடையில் அந்த இடம் வந்தால் ஆட்கள் விட்ட பேச்சைத் தொடருவார்கள், இன்னொரு டீ சொல்லுவார்கள்.

ஐயோ, மறந்துவிட்டாளே என்று சரணத்தை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். வலி தாங்கவில்லை. அவள் கடைசிச் சுரம்வரை முனகி முடித்து, அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"வூட்ல தெலுங்கே பேசிக்கினு இருந்தா வார்த்த எங்க நிக்கும்?" என்று அவள் அப்பா அசடு வழிந்தார்.

மாமா, பெண்ணுக்குச் சம்மதம் என்றால் தனக்கும் சம்மதம் என்றார். உள்ளே போய்க் கேட்டு வந்த பெண்ணின் அம்மா சிரித்தபடி தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் என் அம்மா, ஒரு பாட்டை முழுசாகப் பாடத் தெரியாத பெண்ணைப் போய் ஒத்துக்கொண்டானே என்று புலம்பிக்கொண்டே வந்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேழ்வரகுக் காட்டுக்குப் பயந்து சரி என்று சொல்லிவிட்டு இப்போது வருத்தப்படுகிறார் போல என்று நினைத்தேன். எனக்கே அழுகை வந்துவிட்டது.

"வுடுங்க மாமா, கல்யாணம் ஆவட்டும். அவங்களுக்கு வார்த்தையெல்லாம் நான் சொல்லித் தர்றேன்."

மாமா அவசரமாகத் திரும்பி என் வாயைப் பொத்தினார்.

"வேணாம் பாப்பா. தயவுசெஞ்சு சொல்லித் தந்துராத."

நல்லதுக்குக் காலமில்லை என்று ஊர் வந்து சேரும்வரை அவரோடு பேசாமல் இருந்தேன்.