மூளை நொதி அசைவதைப் பார்த்தேன்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்தேன். வலிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கோப்பி கலக்கி, இரண்டு பேருக்குச் சோறு கட்டினேன். என் வீட்டுக்காரரும் நானும் நீலாய் நகருக்குக் கிளம்பினோம்.

மலேசியாவில் கெமாஸ் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் நான் கிராணி (கணக்கர்). முந்திய ஆண்டு காய்ச்சலில் தொடங்கி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கும் நிலைக்கு வந்தேன். என்செஃபலைட்டிஸ் (மூளை அழற்சி) என்றார்கள். பிழைத்தேன். பழையவை இருந்தன, புதியவை தங்கவில்லை.

"எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதும்மா. பழகிப் பாருங்க" என்றார் டாக்டர்.

காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) பெயரைக் கூப்பிட்டு, முகம் பார்த்து வேலை கொடுப்பது கிராணியின் பொறுப்பு. நான் படுத்திருந்தபோது இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து புது ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் முகங்கள் மனத்தில் நிற்காவிட்டால் இந்த வேலை எனக்கில்லை. மறுநாள் நான் திரும்பவும் பெரட்டு எடுக்க வேண்டும்.

என் அண்ணன் மகள் கவிதா நீலாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நினைவு பதிவதில் பங்குள்ள கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) ஒன்றின் அசைவைக் காட்ட அழைத்திருந்தாள். அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் எடுத்த பதிவு அது. மிக நுண்ணிய ஊசியொன்று மூலக்கூறைத் தட்டித் தட்டி உருவம் வரைகிறது.

திரையில் ஒரு வளையம். சுற்றிலும் சிறு உருண்டைகள் நூலில் கட்டியவைபோல அலைந்தன. ஆஸ்பத்திரியில் சோதனைக்காக என் முதுகுத் தண்டில் எடுத்த நீர் நினைவுக்கு வந்தது.

"இது என்னோடதா?"

"ஐயோ அத்தை! இது எலியோட நொதி."

"நம்ம தோட்டத்து எலியாத்தான் இருக்கும்லா" என்றார் வீட்டுக்காரர். "அதுக்கு உங்க அத்தைய விட ஞாபகம் ஜாஸ்தி. ஒருக்கா விஷம் தின்னு தப்பிச்சிச்சின்னா மறுபடி வாய வைக்காது."

மூவரும் சிரித்தோம்.

அடுத்தது கால்சியம் சேர்த்த பதிவு. உருண்டைகள் விரிந்தன. பாஸ்பேட் ஏறியதும் பக்கத்து உருண்டைகளோடு ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. திரும்பப் போடச் சொன்னேன்.

"இப்படி ஒட்டிக்கிட்டா ஞாபகம் வந்திருமா?"

"ஒரு மூலக்கூற வச்சு அப்படிச் சொல்ல முடியாது அத்தை. உங்களுக்குள்ள எது கெட்டுச்சுன்னும் இது சொல்லாது. ஆனா ஒரு தடவ தூண்டினா பத்தாது, திரும்பத் திரும்பத் தூண்டணும்."

இது மருந்தல்ல, என் நிலையில் இருப்பவர்கள் அப்படி எண்ண வேண்டாம். ஆனால் அதுவரை தலைக்குள் ஏதோ நின்றுபோனதாகவே நினைத்திருந்தேன். நான் தூங்கும்போதும் உள்ளே இத்தனை அசைவா என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன்.

மாலையில் புது ஆட்கள் தங்கும் லயத்துக்குப் போய்ப் பெயர் கேட்டேன். கேட்டவர்களிடமே மறுபடியும் கேட்டேன்.

"ரூஸ்டி, காக் (அக்கா). நேத்தும் சொன்னேனே!" ஒருவன் மலாயில் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரட்டில் நின்று, "ரூஸ்டி" என்று கூப்பிட்டேன்.

"ஹாடிர்!" (வந்திருக்கிறேன்) என்று குரல் வந்தது.

வராதவனுக்காகக் கூட்டாளி குரல் கொடுப்பது எங்கள் தோட்டத்தில் புதிதல்ல. முகத்தைப் பார்த்தேன். அவன் ரூஸ்டி இல்லை என்பது தெரிந்தது. யாரென்று தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பெயரைக் கேட்டேன்.