கட்டை விரல் எழுந்த நாள்

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவன் நான். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு, ஒருநாள் கட்டை விரலைத் தூக்க முடியவில்லை. உள்ளே தசைநார் அறுந்துவிட்டதாம். ஆள்காட்டி விரலின் தசைநார் ஒன்றை எடுத்துக் கட்டை விரலில் இணைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

கட்டுப் பிரித்த பின்னும் விரல் எழவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிசியோதெரபி மையத்தில் விரலுக்குப் பயிற்சி கொடுத்த பெண், "ஆள்காட்டி விரல நீட்டுறதா நெனைங்க அங்கிள், கட்டை விரல் தானா வரும்லா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். வாரங்கள் ஓடின. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வேல தெரியாதவங்கள ஏன் வச்சிருக்காங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு வெளியேறினேன்.

வாசலில் ஓர் அம்மா, "அண்ணே, ரயில் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கோபம் தணியாமலே ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினேன். கட்டை விரலும் கூடவே எழுந்து நின்றது. அவர் போன பிறகும் நான் கையை மடக்கவில்லை.

மறுபடி உள்ளே போய், அவள் பக்கத்தில் குனிந்து, "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அத விடுங்க அங்கிள், இன்னொரு தடவ தூக்குங்க" என்றாள்.

இப்போது மறுபடியும் லோரி ஓட்டுகிறேன். பிழைப்புப் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் அன்று அவள்மேல் கொட்டினேன். அவமானப்படுத்தியது ஊரறிய, மன்னிப்புக் கேட்டது அவள் காதோடு. அது இன்னும் உறுத்துகிறது.