ஆறாம் நம்பர் காட்டுக்குப் போகாத காலை

ஏலத்தோட்டத்தில் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்குப் பதினேழாவது நாள். யார் யார் வந்திருக்கிறார்கள், எந்தக் காட்டில் என்ன வேலை நடக்கிறது என்று நோட்டில் குறித்து வைப்பதுதான் ரைட்டர் வேலை. அதற்கு முன்னால் போடியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் நின்றிருந்தேன். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோய், டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். மலையில் நடப்பது காலுக்கு நல்லது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

எங்கள் சூப்பர்வைசர் ராசிங்காபுரத்துக்காரர். ஐம்பது தாண்டியவர், இருபது வருடமாக அதே தோட்டம். எந்தச் செடி எந்த வருடம் நட்டது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. எனக்கு அவரிடம் பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் எதிரே நிற்கும்போது நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பேன்.

அன்று காலை போடிமெட்டு வளைவுகளில் பனி இறங்கிக் கிடந்தது. எங்களை ஏற்றிவந்த ஜீப்புகள் தோட்டத்தில் நின்றதும் சூப்பர்வைசர் வேகமாக வந்தார்.

“இன்னைக்கு ஆறாம் நம்பர்ல பழம் எடுக்கணும். ஆளுகள வெரசா ஏத்திவிடும்மா. எனக்கு ஸ்டோர்ல சோலி இருக்கு.”

காய் உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார். பெண்கள் இருபத்திரண்டு பேர் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். நான் பின்னால் நடந்துகொண்டே தேதி எழுத நோட்டைப் பிரித்தேன். முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ஆறாம் நம்பர், மருந்தடிப்பு, நாலு ஆள்.

சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது. மருந்து அடிக்க வேண்டியது ஒன்பதாம் நம்பரில். மழையில் பாதை சறுக்கியதால் டிரம்மை அங்கே கொண்டுபோக முடியவில்லை. மதியம் சூப்பர்வைசரே மருந்தடிக்கும் ஆட்களிடம் போனில், “அப்ப ஆறுல அடிங்கப்பா” என்று சொன்னார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இப்போது மறந்துவிட்டார்.

ஏலச்செடியில் பழம், அதாவது முற்றிய காய், மேலே தொங்காது. தூரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையோடு கிடக்கும் சரத்தை விலக்கி, பழுத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். முகமும் கையும் நாள் முழுக்கச் செடிக்குள்ளேயே இருக்கும். முந்தின நாள் மருந்து பட்ட செடி அது.

ஒரு நிமிடம் என் புத்தி பழைய வழியில் போனது. அவருக்குத் தெரியாததா, ஏதாவது காரணம் இருக்கும், புதுசாக வந்தவள் வாயைத் திறப்பானேன். கடையில் பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அங்கே தப்பு நடந்தால் சேலை கைமாறிப் போகும், அவ்வளவுதான்.

“அக்கா, எல்லாரும் நில்லுங்க! அந்தப் பாறையில உக்காந்து காப்பி குடிங்க. நான் நம்பரச் சரிபாத்துட்டு வர்றேன்.”

“ஏறுன ஒடனே காப்பி குடிக்கச் சொல்ற ரைட்டர இப்பத்தேன் பாக்குறோம்” என்று ஒருத்தி சிரித்தாள். உடனே தூக்குச்சட்டிகள் திறந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபது பேர்தான். வேகமாக நடக்கும் இரண்டு பேர் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், இருந்தவர்களில் பெரிய குரல்காரி எழுந்து கையை வாயில் குவித்து ஒரு கூப்பாடு போட்டாள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “காட்டுக்குள்ள போகாம திரும்பி வாங்கடி!” என்று அவள் மறுபடி கத்திய பிறகுதான் நான் கீழே ஓடினேன்.

ஸ்டோரில் சூப்பர்வைசர் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தார். மேனேஜர் முன்னால் சொன்னால் அவருக்குத் தலைகுனிவு. சொல்லாமல் காத்திருக்கவும் முடியாது.

“அண்ணே, ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா? நோட்டுல ஒரு சந்தேகம்.”

“சந்தேகத்த சாயங்காலம் கேளு.”

“இப்பவே கேக்கணும்ண்ணே.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முகத்தைச் சுளித்தபடி வந்தார். நோட்டை விரித்துக் காட்டினேன். படித்தார். காது மடல் சிவந்தது.

“பழம் எடுக்க நான் ஒன்பதுன்னுதான சொன்னேன்?”

“ஆறுன்னு சொன்னீங்கண்ணே.”

“ஒன்பதுன்னு சொன்னேம்மா.”

“சரிண்ணே, என் காதுல தப்பா விழுந்ததாவே இருக்கட்டும். ஆளுகள ஆறுல எறக்க வேணாம்ல? பாறைகிட்ட நிப்பாட்டி வச்சிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “யாரும் உள்ள போயிட்டாளுகளா?” என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. இரண்டு பேர் போனதைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. அந்த ஏற்றத்தில் அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அந்த இரண்டு பேரும் திரும்பி வந்திருந்தார்கள். காட்டு வாசலிலேயே மருந்து நெடி மூக்கில் ஏற, உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது கூப்பாடு கேட்டதாம். செடியைத் தொடவில்லை என்றார்கள். ஆனாலும் சூப்பர்வைசர் அவர்களை ஓடையில் கையும் முகமும் கழுவி வரச் சொல்லி அனுப்பினார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

“ஆறுன்னு சொன்னது நான்தேன். நேத்து அங்க மருந்தடிக்கச் சொன்னதும் நான்தேன். மறந்துட்டேன். ரைட்டரு பாத்ததால தப்பிச்சோம்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பழியை நான் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் மலையேறி வந்திருந்தேன். பெண்களும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு வயதான ஒரு அம்மா, “சரி அப்பு, இப்ப எந்தக் காட்டுக்குப் போறது? வெயில் ஏறிருச்சுல்ல” என்றார். சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார்.

அன்று ஒன்பதில் எடுத்தோம். சறுக்குப் பாதையில் நானும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். மதியம் மேனேஜரிடமும் அவரே போய்ச் சொன்னாராம். மருந்தடித்த காட்டு வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று மறுநாள் முடிவானது. என் நைந்துபோன சிவப்பு சுடிதார் ஷால் ஒன்றைக் கிழித்துக் கொண்டுபோனேன். அவர் உயரமான கிளையாகப் பார்த்துக் கட்டினார். “முடிச்சு சரியா இருக்கான்னு பாரும்மா” என்றார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் “சரியா இருக்குண்ணே” என்று சொன்னேன்.